பட்டர்பிளைக்கு எதிரே இரண்டு பெட்டிகள்

மன்னிக்கிறவர்களுக்கு மறுமையில் பெரிய கூலி இருக்கிறது என்று சின்ன வயதில் மத்ரஸாவில் ஓதிக்கொடுத்தார்கள். அந்தக் கூலியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வருடம் முழுக்க நான் விட்டுவைத்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு பெண்ணின் முகம் பத்துப் பேர் முன்னால் சுருங்கிப்போவதைப் பார்ப்பது. தொழுது முடித்துக் கையேந்தினால்கூட அந்த முகம்தான் முதலில் வந்து நின்றது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு படிவத்தில் அச்சடித்திருந்த சின்னச் சதுரப் பெட்டி. சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது.

நாங்கள் இருப்பது பல்லேபொலப் பக்கம். கணவர் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கிக் காயவைத்து மாத்தளைக்கு அனுப்புகிறவர். நான் வீட்டு முன்னறையில் தைக்கிறேன். மகளுக்கு ஏழு வயதில் மூச்சிழுப்பு வந்தபோது, நீந்தினால் நெஞ்சு விரியும் என்று டொக்டர் சொன்னார். மருந்தாகத்தான் ஆரம்பித்தோம். இழுப்பு போய்விட்டது, நீச்சல் போகவில்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற நீச்சலுடையை நானே வெட்டித் தைத்துக்கொடுத்தேன். விடிய ஐந்தேகால் பஸ்ஸில் அவளை மாத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவள் நீந்தி முடிக்கும்வரை தடாகத்தின் கம்பி வேலிக்கு வெளியே பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டு வயதில் அவள் தன் பாடசாலை அணியில் பட்டர்பிளை நீந்துகிற மூன்று பெண்பிள்ளைகளில் முதலாவதாக இருந்தாள். இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கி, தண்ணீரை அள்ளிப் பின்னால் எறிந்து, உடம்பை அலைபோல வளைத்து நீந்துகிற நீச்சல் அது. பார்க்க அழகு, செய்யக் கொடுமை.

அணிக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். அவரும் எங்களைப்போல ஒரு தாய்தான். யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர், இங்கே ஒரு அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம், கணவர் எஞ்சினியர். போட்டிக்குப் பெயர் கொடுப்பது, படிவம் சேர்ப்பது எல்லாம் அவர் கையில். அவரை இங்கே பொறுப்பாளர் என்றே சொல்கிறேன். அவருடைய மகளும் பட்டர்பிளை. மூன்று பேரில் மூன்றாவது.

ஒரு பாடசாலைக்கு இரண்டு பேர்தான் அந்தப் போட்டியில் இறங்கலாம். மூன்றாவது பிள்ளை யாராவது விலகினால்தான் உள்ளே வரும். இது எனக்கு அப்போது தெரியாது. எனக்கு அப்போது எதுவுமே தெரியாது. நான் தமிழில் படித்தவள், சிங்களம் சந்தையில் பழகியது, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். நீச்சல்காரர்கள் பேசுவதோ எல்லாம் ஹீட், ஸ்பிளிட், பி.பி. என்று வேறொரு பாஷை. வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்த தாய்மார் அதைப் பேசும்போது நானும் தலையாட்டுவேன். விளங்காததைக் கேட்பதற்கு வெட்கம். அந்த வெட்கம்தான் என்னைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

மாவட்டப் போட்டிக்கு முன்னர் படிவம் வந்தது. முழுக்க இங்கிலீஷ். மகளுடைய இரண்டு பிரீஸ்டைல் போட்டிகளுக்கும் ஏற்கனவே அடையாளம் போட்டிருந்தார்கள். பட்டர்பிளைக்கு எதிரே மட்டும் இரண்டு பெட்டிகள் வெறுமையாக இருந்தன. ஒன்று உறுதிப்படுத்துவது, மற்றது ஸ்கிரெட்ச். அரசாங்கப் படிவம் நிரப்பிப் பழகிய எவருக்கும் ஒரு பயம் உண்டு: ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடையாள அட்டைக்கும் இப்படித்தான், பாடசாலை அனுமதிக்கும் இப்படித்தான். ஆகவே இரண்டு பெட்டியிலும் அழகாகச் சரி போட்டு, கீழே ஒப்பமிட்டுக் கொடுத்தேன். மகள் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். பாடசாலை வேன் வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

போட்டியன்று மதிலில் ஒட்டியிருந்த தாளில் பட்டர்பிளைக்குக் கீழே மகளின் பெயர் இல்லை. பொறுப்பாளருடைய மகளின் பெயர் இருந்தது. நான் அவரிடம் போனேன்.

“மிஸ், பட்டர்பிளையில எண்ட மகள்ட பேரு இல்லயே?”

கையிலிருந்த ஃபைலைப் புரட்டி என் படிவத்தை எடுத்தார். “ஸ்கிரெட்ச் எண்டு நீங்கள்தானே போட்டிருக்கிறியள். இஞ்ச பாருங்கோ, உங்கட ஒப்பம்.”

“அப்பிடீண்டா என்ன?”

அவர் குடைக்குக் கீழே இருந்த மற்றத் தாய்மாரைத் திரும்பிப் பார்த்தார். “விலகிறம் எண்டு அர்த்தம். அது தெரியாமலோ பிள்ளையை நீந்த விட்டிருக்கிறியள்?”

“ரெண்டு பெட்டியிலயும்தானே போட்டீக்கேன். போன்ல ஒரு கோல் எடுத்துக் கேட்டீக்கலாமே.”

“ஒவ்வொரு ஆளுக்கும் கோல் எடுத்து விளங்கப்படுத்த எனக்கு நேரமில்லை” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “நீச்சல் உடுப்புத் தைக்கத் தெரிஞ்சால் காணாது, நீச்சலும் கொஞ்சம் தெரியவேணும்.”

குடைக்குக் கீழே எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பினேன். பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள், கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“பரவால்ல உம்மா” என்றாள். அவள் அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பொறுப்பாளருடைய மகள் அன்று மூன்றாவதாக வந்தாள். என் மகள் பயிற்சியிலேயே எடுக்கிற நேரத்தைவிட இரண்டு செக்கன் கூட. மேடையில் நின்ற அந்தப் பிள்ளையின் கழுத்தில் வெண்கலப் பதக்கத்தைப் போட்டார்கள். நான் கைதட்டவில்லை.

இரண்டு பெட்டியிலும் சரி போட்டிருந்தால் அது தெரியாதவள் போட்டது என்று ஒரு பச்சைப்பிள்ளைக்கும் விளங்கும். அவருக்கு விளங்கியிருக்கிறது. விளங்கித்தான் கோல் எடுக்கவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

கணவரிடம் சொன்னேன். “அல்லாவுக்காக வேண்டி விட்டுடுங்க” என்றார். “ஒரு போட்டிதானே.”

“தராசுல நூறு கிராம் பிழச்சா உங்களுக்கு ரெண்டு நாளைக்கி சோறு எறங்காது. எனக்கு மட்டும் விடச் செல்றீங்களா?”

அவர் மிளகு காய்கிற சாக்கைப் புரட்டப் போய்விட்டார்.

அடுத்த நாளே ஒரு கொப்பி எடுத்தேன். வாடிக்கையாளர்களின் அளவு எழுதுகிற கொப்பிகளில் புதியது ஒன்று. அதில் அந்தப் பாஷையை ஒவ்வொரு சொல்லாக எழுதத் தொடங்கினேன். இனி எந்தப் பெண்ணும் என் முன்னால் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடாது. இது நல்ல நோக்கம்போலத் தெரியும். அதற்கு அடியில் இருந்த நோக்கம் நல்லதில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

மகள்தான் சொல்லித்தந்தாள். மாலையில் நான் கராம்புக் காம்பு பிரித்துக்கொண்டிருப்பேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாண் தின்றுகொண்டே சொல்வாள். நாற்பது பிள்ளைகள் வந்தால் எல்லாரையும் ஒரே தடவையில் தண்ணீரில் இறக்க முடியாது, ஆறு லேனுக்கு ஆறாறு பேராகப் பிரித்து விடுவார்கள், அந்த ஒவ்வொரு கூட்டமும் ஒரு ஹீட். பழைய நேரத்தைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள்; வேகமானவர்களுக்கு நடு லேன், மெதுவானவர்களுக்குச் சுவரோரம். முதல் தடவை வருகிற பிள்ளைக்கு நேரமே இல்லாததால் பெயருக்கு எதிரே என்.டி. என்று போட்டுவிடுவார்கள். பி.பி. என்றால் ஒரு பிள்ளை தன் வாழ்நாளில் நீந்திய ஆகக் குறைந்த நேரம். மற்றவர்களை வெல்லாவிட்டாலும் அதை வென்றால் சந்தோஷப்படலாமாம். ஸ்பிளிட் என்றால் ஒரு நீச்சலில் ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனியாக எடுக்கிற நேரம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்பதை மட்டும் வீட்டில் அவளுடைய வாப்பா இருந்தால் நாங்கள் இரண்டு பேரும் தவளை நீச்சல் என்று சொல்லிக்கொள்வோம்.

டேப்பர் என்ற சொல்லை எழுதிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரிய போட்டிக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னர் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். உடம்பு சும்மா இருக்கிறது என்று நினைப்போம், ஆனால் உள்ளே பலம் சேர்ந்துகொண்டிருக்கும். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து பொறுப்பாளரைக் கண்டால் சிரிக்கத் தொடங்கினேன். ஒருநாள் அவருடைய சாரிக்கு ஃபோல்ஸ் வைத்துக்கூடக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் நானும் மகளும் அதிகம் பேசியது அந்த மாதங்களில்தான். எட்டு வயதுக்குப் பிறகு அவள் என்னிடம் அவ்வளவு கதைத்ததில்லை. பாடசாலை, கூட்டாளிகள், யாருக்கு எந்தச் சேர், எந்த டீச்சர் பிடிக்கும், எல்லாம் வந்து விழும். அப்படியொரு மாலையில்தான் அவள் அதையும் சொன்னாள். பட்டர்பிளையில் சுவரைத் தொடும்போது இரண்டு கையும் ஒரே நேரத்தில் பட வேண்டும். ஒரு கை முந்தினால் டி.கியூ., அதாவது தகுதிநீக்கம். நீந்தியது நீந்தாததற்குச் சமம்.

“அவளுக்கு இடது கை பிந்துது உம்மா” என்றாள். பொறுப்பாளருடைய மகளைச் சொன்னாள். “சின்னதுல கை ஒடஞ்சீக்கி. நல்லா நீந்துவா, களச்சா மட்டும் கொஞ்சம் பிந்தும். ஒருத்தருக்கும் வெளங்காது. பக்கத்துல நீந்துற எனக்குத்தான் தெரியும்.”

நான் காம்பு பிரிப்பதை நிறுத்தவில்லை. “அப்படியா” என்று மட்டும் சொன்னேன். அவள் எழும்பிப் போனதும் அதைக் கொப்பியில் எழுதினேன்.

போட்டிகளுக்கு நடுவர்கள் போதாது, பெற்றோரும் வகுப்புக்கு வரலாம் என்று அறிவித்தல் வந்தபோது நான்தான் முதலாவதாகப் பெயர் கொடுத்தேன். மாத்தளையில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை முழுநாள் வகுப்பு, சிங்களத்தில். முப்பது பேரில் பெரும்பாலானவர்கள் ஆசிரியர்கள். ஸ்கார்ஃப் போட்டவள் நான் ஒருத்தி. என் கொப்பியைப் பார்த்துவிட்டு வகுப்பு நடத்தியவரே ஆச்சரியப்பட்டார். அவர் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சந்தேகம் வந்தால் கையை உயர்த்தாதே. சந்தேகத்தின் பலன் நீந்துகிற பிள்ளைக்கு. அடுத்தது, உன் சொந்தப் பிள்ளை நீந்துகிற லேனில் நிற்காதே; பக்கத்து நடுவரிடம் ஒரு வார்த்தை சொல்லி மாறிக்கொள். இது சட்டப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் எங்கள் பக்கத்து வழக்கம், ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாயிருக்கிற இடத்தில் இது இல்லாமல் முடியாது என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டேன். பரீட்சையில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பிழைத்தது.

நடுவர்கள் வெள்ளை உடுத்த வேண்டும். கணுக்கால் வரை நீண்ட வெள்ளைச் சட்டையும் வெள்ளை ஸ்கார்ஃபும் எனக்கு நானே தைத்தேன். மகளின் உடுப்புக்குக்கூட நான் அவ்வளவு கவனமாக மடிப்பு வைத்ததில்லை.

அடுத்த மாவட்டப் போட்டி வந்தது. வெள்ளையுடன் என்னைக் கண்டதும் பொறுப்பாளர் இரண்டு தரம் பார்த்தார். “அட, நீங்களோ? நல்லது, நல்லது” என்றார். அதில் பரிகாசம் இருந்ததா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. அப்போது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

என்னைத் தொடங்குகிற இடத்துக்கு எதிர்க்கரையில், நான்காம் லேனுக்கு மேலே நிறுத்தினார்கள். பிள்ளைகள் இருபத்தைந்து மீற்றர் நீந்தி வந்து என் காலடியில் சுவரைத் தொட்டுத் திரும்பிப் போவார்கள். பார்ப்பதுதான் வேலை. காலையில் தனிப் பட்டர்பிளைப் போட்டி நடந்தபோது பொறுப்பாளருடைய மகளுக்கு இரண்டாம் லேன் விழுந்தது. என்னால் எட்டிப் பார்க்கத்தான் முடிந்தது. அந்த லேன் நடுவர் கையை உயர்த்தவில்லை. பிள்ளை இரண்டாவதாக வந்தது. என் மகள் அதில் இல்லை. போன வருடத்து வெண்கலத்துக்குப் பிறகு, அன்று நீந்திய இரண்டு பேரையே பயிற்றுவிப்பாளர் இந்த முறையும் தெரிவு செய்ததால், பட்டர்பிளை அவளிடமிருந்து கைமாறிப் போயிருந்தது. அவளுக்கு இப்போது பிரீஸ்டைல் மட்டும்.

கடைசியாக மெட்லி ரிலே. நான்கு பிள்ளைகள், நான்கு நீச்சல். முதலில் மல்லாந்து, பிறகு தவளை, மூன்றாவது பட்டர்பிளை, நான்காவது பிரீஸ்டைல். எங்கள் அணியில் மூன்றாவது பொறுப்பாளருடைய மகள். நான்காவது என் மகள். முதலிடம் வருகிற அணி மாகாணப் போட்டிக்குப் போகும். மகள் இரண்டு மாதமாக மாகாணம் மாகாணம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு விழுந்தது நான்காம் லேன்.

பக்கத்து லேனில் நின்றவர் கலேவெலப் பக்கத்து ஆசிரியர். அவர் குனிந்து சிங்களத்தில் கேட்டார், உங்கள் மகள் இந்த லேனில்தானே, இடம் மாறுவோமா என்று. நல்ல மனிதர், வழக்கப்படி கேட்டார்.

“வேண்டாம் சேர்” என்றேன், “என் பிள்ளையானாலும் பிழை பிழைதான்.” அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். எவ்வளவு பெரிய பொய்! என் பிள்ளையைப் பார்க்க நான் அங்கே நிற்கவில்லை. ஒரு இடது கையைப் பார்க்க நின்றேன்.

ரிலேயில் ஒருத்தி பிழைவிட்டால் நான்கு பேருக்கும் டி.கியூ. என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கொப்பியில் இருக்கிறது, என் கையெழுத்தில், அடியில் கோடு வேறு போட்டிருக்கிறேன். தெரியாமல் இரண்டு பெட்டியில் சரி போட்டவள் வேறு ஒருத்தி. இவள் எல்லாம் தெரிந்தவள்.

விசில் ஊதியது. முதல் இரண்டு பிள்ளைகளும் நீந்தி முடித்தபோது எங்கள் அணி இரண்டாவதாக இருந்தது. மூன்றாவது குதித்தாள். தண்ணீரை அள்ளி எறிந்துகொண்டு என்னை நோக்கி வந்தாள். நல்ல நீச்சல்தான், பொய் சொல்லக்கூடாது. பாதி வழியிலேயே முன்னால் போன அணியைப் பிடித்துவிட்டாள். எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய தலையும் பார்க்கவில்லை, முகமும் பார்க்கவில்லை. கடைசி வீச்சில் இரண்டு கைகளும் முன்னால் வந்தன. சுவர். வலது கை. இடது கை.

என் கை மேலே போயிற்று.

உயர்த்திய கையைத் தலைமை நடுவர் பார்க்கும்வரை இறக்கக்கூடாது. அதுதான் முறை. ஆகவே அவள் திரும்பிப் போய்ச் சேர்ந்து, என் மகள் குதித்து, நான் நின்ற கரையை நோக்கி நீந்தி வந்தபோதும் என் கை ஆகாயத்தில்தான் இருந்தது. மகள் முன்னணியில் வந்துகொண்டிருந்தாள். அவள் அப்படி நீந்தி நான் பார்த்ததில்லை. மூச்சுக்கு முகத்தைத் திருப்பிய ஒரு கணம் அவளுடைய கண்ணாடி என் பக்கம் பார்த்தது. பிறகு என் காலடியில் புரண்டு, சுவரை உதைத்து, போய்விட்டாள். முதலாவதாக முடித்தார்கள். நான்கு பிள்ளைகளும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். பொறுப்பாளர் கைதட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

தலைமை நடுவர் என்னிடம் வந்து கேட்டார். லேன் நான்கு, மூன்றாவது நீச்சல்காரி, திரும்பலில் இரு கைகளும் ஒரே நேரத்தில் படவில்லை. சீட்டில் எழுதி ஒப்பமிட்டேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு திருத்தமாக எதையும் எழுதியதில்லை.

ஒலிபெருக்கியில் அறிவித்தபோது நான் ஒரு வருடமாகக் காத்திருந்த முகத்தைப் பார்த்தேன். அது சுருங்கியது. நினைத்ததைவிட நன்றாகவே சுருங்கியது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், என் நெஞ்சு குளிர்ந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

அவர் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுதுவார், என் பெயரை இழுப்பார், இடம் மாறாததைக் கேட்பார் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் தடாகத்தைச் சுற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

“எல்லாரும் ஆட்சேபம் குடுக்கச் சொல்லினம்” என்றார். “நான் குடுக்கேல்லை. உங்கட மகளும் அதுக்குள்ளதானே நீந்தினவ. சொந்தப் பிள்ளையின்ர பதக்கம் போகுதெண்டு தெரிஞ்சும் நீங்கள் கை உயர்த்தியிருக்கிறியள். உண்மையாக் காணாமல் ஆராவது அப்பிடிச் செய்வினமோ?”

என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். போய், அழுதுகொண்டிருந்த தன் மகளிடம், பிழை உன்னுடையதுதான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தப் பிள்ளை துவாயால் முகத்தை மூடிக்கொண்டது. பயிற்றுவிப்பாளர் தன் ஸ்டொப் வோச்சை என் மகளிடம் காட்டினார். அவளுடைய ஐம்பது மீற்றர் இதுவரை நீந்தியதிலெல்லாம் வேகமானது. ஆனால் விலக்கிய ரிலேயில் எடுத்த நேரம் எங்கேயும் எழுதப்படாது. அதுவும் என் கொப்பியில் இருக்கிறது.

எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையை எங்கள் வாப்பா அடிக்கடி சொல்வார். நான் சிரிப்பேன். அந்தக் கதையில் அறுபட்டது அவனுடைய சொந்த மூக்கு. நான் அறுத்தது மகளுடையதை.

பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஈரத் தலையில் ஸ்கார்ஃப் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி வழியில்தான் என் பக்கம் திரும்பினாள்.

“உம்மா, கை பிந்தினத்த கண்டீங்களா?”

“கண்டேன்.”

“எவ்வளவு?”

என் பெருவிரல் நகத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவட கை பிந்தும்ண்டு நான் செல்லாம ஈந்தா, அத கண்டீப்பீங்களா?”

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் கண்டிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணை மூடினால் அந்தச் சுவரில் வலது கை முதலில் படுவது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதைத் தண்ணீரில் காண்பதற்கு முன்னர் ஆறு மாதமாக நான் மனதில் கண்டுகொண்டுதானே இருந்தேன்.

“ஒவ்வொரு நாளும் ப்ராக்டிஸ் முடிஞ்சி நானும் அவளும் பத்து நிமிஷம் சுவர்ல கை வெச்சிப் பழகின” என்றாள் மகள். “நான்தான் எண்ணுவேன். கடைசி ரெண்டு கிழமையா ஒருக்காலும் பிந்தல்ல.”

அந்தப் பத்து நிமிஷங்களை நானும் வேலிக்கு வெளியேயிருந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்து, பஸ் போகப்போகிறது என்று கத்தியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு மகள் எனக்குச் சொல் எதுவும் சொல்லித்தரவில்லை. நேரம் கேட்டால் “நல்லம்” என்பாள். என்ன செய்தாள் என்று பெறுபேற்றுத் தாளில்தான் பார்த்துக்கொள்கிறேன். பொறுப்பாளரோ போகிற இடமெல்லாம் என்னைப் புகழ்கிறார். இவரைப்போல நேர்மையான நடுவர் மாவட்டத்தில் இல்லையாம். புதிதாக வருகிற தாய்மாரை என்னிடம் அனுப்பி ஹீட் என்றால் என்ன, ஸ்பிளிட் என்றால் என்ன என்று கேட்கச் சொல்கிறார். நான் சிரிக்காமல் விளங்கப்படுத்துகிறேன். அவரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் என்னைப் புகழும்போது வலிக்கிற மாதிரி, அன்று குடைக்குக் கீழே சிரித்தபோதுகூட வலிக்கவில்லை.

போன மாதம் இந்த வருடத்துப் படிவம் வந்தது. அந்த டி.கியூ.வுக்குப் பிறகு பொறுப்பாளருடைய மகள் சுவருக்குப் பயந்து மெதுவாகிவிட்டாள். ஆகவே பட்டர்பிளை மறுபடியும் என் மகளுக்கே வந்திருந்தது. அந்தப் பிள்ளை மூன்றாவது. நான் ஆசைப்பட்டது எல்லாம் அப்படியே அந்தத் தாளில் இருந்தது. மகள் படிவத்தைத் தானே நிரப்பிக்கொண்டு வந்து, தையல் மெஷினுக்கு மேலே வைத்து, பேனையை நீட்டினாள்.

பட்டர்பிளைக்கு எதிரே இரண்டு பெட்டிகள். முதலாவது வெறுமையாக இருந்தது. இரண்டாவதில், ஸ்கிரெட்ச் என்றதில், சரி போட்டிருந்தாள்.

“இது என்னண்டு தெரியுந்தானே உம்மா?” என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.